பாத்தி மணலில் ஆறுகால் தடம்

காலை 6.40.

இரண்டாங்கட்டு அறையில் போர்வை மட்டும் கிடந்தது. போர்வைக்கு அடியில் இருக்க வேண்டியதைக் காணோம்.

கோட்டையூரில் பெரிய வீடுகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் அவற்றின் ஓட்டுக்கூரை மேல் ஏறி ஒழுகல் பார்க்கும் ஆளுக்குத்தான். நூறு வருடத்து நாட்டு ஓடு ஆள் கனத்தைத் தாங்குவதில்லை. அதனால் ஆள் ஏறாமல் மெஷினை ஏற்றலாம் என்று சத்தியப்பிரியா என்ற பெண், பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, இந்த வீட்டின் இரண்டாங்கட்டை வாடகைக்குப் பிடித்து, ஒன்றரை வருடமாக ஒரு ஆறுகால் இயந்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தாள். தாம்பாளம் அளவுக்கு உடம்பு, பதினான்கு கிலோ கனம், மடக்கி நீட்டும் ஆறு கால்கள், ஒவ்வொரு காலின் நுனியிலும் ஊன்றுகோலுக்கு மாட்டுகிற மாதிரி ஒரு ரப்பர் குப்பி. அதற்குக் கூரையன் என்று பெயரும் வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கூரையன் முதல்முதலாக நிஜக் கூரை மேல் ஏறுவதாக இருந்தது. அதைத்தான் காணோம்.

சத்தியப்பிரியா டாக்டர் சைதுன் பீவிக்குப் போன் செய்தாள். சைதுன் பீவி கால்நடை மருத்துவர். நாற்பத்தாறு வயது. ஆடு நொண்டினால் எந்தக் காலில் எந்தக் குளம்பில் எத்தனை நாளாக வலி என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். கூரையனுக்கு நடை சொல்லிக்கொடுக்க ஆடு மாடுகளின் நடையைப் பார்க்க வேண்டும் என்று சத்தியப்பிரியாவும் அவளோடு வேலை செய்யும் இரண்டு பையன்களும் ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து அவருக்கும் அந்த மெஷின் மேல் ஒரு கண். டீ ஆறினால் சைதுன் பீவிக்குப் பிடிக்காது. அன்றைக்கு அதை ஆறவிட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

காலை 7.10.

உவைஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஊருணியில் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். மெஷினின் நடைக்குப் புரோகிராம் எழுதுகிறவன் அவன்தான். ஆறு மணியிலிருந்து காலால் துழாவித் துழாவி உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. ஏறி வரச் சொன்னால் வரமாட்டேன் என்றான். தன் புரோகிராமில்தான் ஏதோ கோளாறு, ராத்திரியில் தானாக முழித்துக்கொண்டு நடந்து வந்து தண்ணீரில் விழுந்துவிட்டது, எல்லாம் தன்னால்தான் என்று ஒரே புலம்பல்.

"நீ பார்த்தியா விழுந்ததை?"

"இல்ல டாக்டர். கார்த்திதான் காலைல முதல்ல பாத்துட்டுச் சத்தம் போட்டான். மணல் பாத்தியில தடம் இருக்கு, பின்கதவு தொறந்திருக்கு, ஊருணிப் படியில ரப்பர் கெடக்குன்னான். நான் நேரா இங்குட்டு ஓடியாந்துட்டேன்."

ரப்பர் குப்பி மூன்றாம் படியில் கிடந்தது. டாக்டர் அதைக் கையில் எடுத்து, லாடம் பார்க்கிற மாதிரி அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் அச்சில் வார்த்த மெல்லிய கோடு அப்படியே இருந்தது. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

பின்கதவைத் தாண்டியதும் மணல் பாத்தி. பதினாலு அடி நீளம், ஒரு ஆள் கையை நீட்டினால் எட்டுகிற அகலம், இரண்டு ஓரத்திலும் ஆள் நடந்து போகச் செங்கல் வரிசை. நடை சோதிக்கிறதற்காக இரண்டாங்கட்டிலிருந்து பின்கதவு வரை ஆற்று மணல் கொட்டி வைத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் உவைஸ் அதைப் பலகையால் சமப்படுத்திவிட்டுத்தான் படுப்பான். சமமாக இருந்த அந்த மணலில் இப்போது அறைப் பக்கத்திலிருந்து பின்கதவுப் பக்கமாகக் குழிகள். மூன்று மூன்றாக, இந்தப் பக்கம் ஒரு முக்கோணம், அந்தப் பக்கம் ஒரு முக்கோணம் என்று மாறி மாறிப் போயின. மனிதக் காலடி ஒன்றுகூட இல்லை. பாத்தியைத் தாண்டினால் கதவு, கதவைத் தாண்டினால் ஊருணி வரைக்கும் செம்பாறைத் தரை. அதில் எந்தத் தடமும் விழாது.

சைதுன் பீவி பாத்தி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

முந்தாநாள் மத்தியானம் உவைஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வீடியோ காட்டியிருந்தான். புது நடை, அன்று காலையில்தான் ஏற்றினேன் என்று குதிக்காத குறை. பாறை விளிம்பில் ஏறும் ஆடு முன்னங்காலை வைத்துப் பார்த்து, தாங்குகிறது என்று தெரிந்த இடத்திலேயே பின்னங்காலையும் வைக்குமே, அந்தப் புத்தியைக் கூரையனுக்குக் கொடுத்திருக்கிறேன், நீங்கள் சொன்னதுதான் என்றான். டாக்டரின் வலது கை அப்போது ஒரு பசுவின் வயிற்றுக்குள் முழங்கை வரை இருந்தது. கன்று திரும்பிக் கிடந்தது. பாதி வீடியோவைத்தான் பார்த்தார்.

காலை 7.40.

சத்தியப்பிரியா வளவு முற்றத்தில் தூணோரம் நின்றிருந்தாள். அழுது முடித்திருந்தாள் போல. பேச்சு நிதானமாக இருந்தது. இந்த வீட்டுக்குப் பதினோரு பங்காளிகள், அவர்களில் எல்லோரும் பேச்சுக் கேட்கும் ஒரே ஆள் கண்ணம்மை ஆச்சி, அவர் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டார் என்றாள். மெஷின் ஓட்டு மேல் நடந்து காட்டினால் இந்த வீட்டுக் கூரையை அதை வைத்தே பார்க்கலாம் என்றும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை வழக்கம்போல வயிரவன் ஏறட்டும் என்றும் ஆச்சி சொல்லியிருந்தார். ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று வாரம்தான். வளவுச் சுவரில் ஈரம் இப்போதே இறங்கியிருந்தது.

"நாளைக்கு வாங்கன்னு ஆச்சிகிட்ட சொல்லிப் பார்க்கலாம்ல?" என்றார் டாக்டர்.

"சொல்லலாம்னு கார்த்தியும் சொல்றான். ஆனா ஆச்சி ராத்திரியே ரயிலேறிடுவாக. திரும்ப வர்றதுக்குள்ள வயிரவண்ணன் ஏறிருவாரு."

வயிரவன் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பத்தெட்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓடு உடைந்து சறுக்கி, கூரை விளிம்பில் தொங்கி, தண்ணீர்க் குழாயைப் பிடித்து உயிர் பிழைத்தவர். அவர் மனைவி ஆயிக்கு அன்றிலிருந்து புரட்டாசி பிறந்தாலே சோறு இறங்குவதில்லை. இந்த எட்டுக்காலி நடந்துவிட்டால் பிள்ளையார்பட்டிக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டியிருந்தார். ஆறு கால்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஆயிக்கு அது எட்டுக்காலிதான்.

டாக்டர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். முதலில் வயிரவன்.

"பின்கதவைப் பூட்டுனது யாரு?"

"நாந்தான்மா. கட்டைத் தாழ்ப்பாள். உள்பக்கம் குறுக்கப் போட்டேன். இந்தப் பிள்ளைக எல்லாம் நான் மறந்துட்டேன்னு நினைக்குதுக. இருவது வருசத்துல ஒரு நாள் மறந்ததில்ல."

"முன்வாசல்?"

"பூட்டு போட்டது போட்டபடி. சாவி என் தலைமாட்டுல."

"ராத்திரி வீட்டுக்குள்ள யார் யாரு?"

"நாங்க ரெண்டு பேரு, இந்தப் பிள்ளைக மூணு பேரு. கார்த்தித் தம்பி மூணு நாளா கோயம்புத்தூர்ல இருந்துட்டு நேத்து ராத்திரிதான் வந்துச்சு. உவைஸ் தம்பி போய்க் கதவு தொறந்து விட்டுச்சு."

அடுத்தது கார்த்தி என்கிற கார்த்திகேய சிவம். நெற்குப்பைக்காரன். கூரையனின் இரும்பு வேலையெல்லாம் அவன் கைதான். என் கை பட்டது எதுவும் உடையாது என்று மார் தட்டுவான். இதுவரை உடைந்ததும் இல்லை. இன்றைக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எத்தனை மணிக்கு வந்தே?"

"பதினொன்றரை இருக்கும் டாக்டர்."

"எதுக்குப் போனே?"

"சின்னச் சின்ன சாமான் வாங்க. லேத்துக்காரரு நாளைக்குப் பார்சல்ல போடுறேன்னுட்டாரு."

"வந்ததும் மெஷினைப் பார்த்தியா?"

"இல்ல. போர்வை போத்தியிருந்துச்சு. அசதி, படுத்துட்டேன்."

"காலைல?"

"அஞ்சரைக்கு எந்திரிச்சேன். தடத்தைப் பாத்தேன். சத்தம் போட்டேன்."

உவைஸைத் தண்ணீரிலிருந்து இழுத்து வந்து, போர்த்திவிட்டு, அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். புது நடை ஏற்றிய பிறகு பழைய நடை இன்னும் உள்ளே இருக்கிறதா?

"இல்ல டாக்டர். இடம் பத்தலன்னு அழிச்சுட்டேன். என் கம்ப்யூட்டர்ல இருக்கு, கூரையன்கிட்ட இல்ல."

கடைசியாக ஆயி. ஆயியிடம் கேள்வி கேட்கிற வேலையே இல்லை, அவரே ஆரம்பித்துவிட்டார். மெஷினைக் காணோம் என்றால் எல்லோரும் ஓடுகிறார்கள், தன் சாமானைக் கலைத்துப் போட்டால் கேட்க நாதியில்லை என்றார். ஆச்சி வருகிறார் என்று நேற்று முழுக்க அண்டாக்களைப் புளி போட்டு விளக்கி, அடுப்படிக் கட்டுக்குள் கவிழ்த்து அடுக்கியிருந்தார். யாரோ நகட்டிவிட்டார்கள். அதோடு போன வாரம் மொட்டை மாடியில் வத்தல் காய வைத்த பாயில் வெள்ளிப் பெயிண்டைக் கொட்டி வைத்துவிட்டார்கள். பாய் போச்சு. இந்த வீட்டில் யாருக்கும் பொறுப்பில்லை.

சைதுன் பீவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மாட்டுக்கு என்ன நோய் என்று மாடு சொல்லாது. மாட்டுக்காரர் சம்பந்தமில்லாமல் புலம்புவதில்தான் பாதி விவரம் இருக்கும் என்பது அவருடைய இருபது வருட அனுபவம்.

காலை 9.15.

போலீசில் எழுதிக் கொடுத்துவிடலாமா என்று சத்தியப்பிரியா கேட்டாள். மத்தியானம் வரை பொறு என்றார் டாக்டர். அப்புறம் ஆயியிடம் அரிசி புடைக்கிற ஒரு சுளகும் நாலு கை பச்சரிசி மாவும் கேட்டார். கோலம் போடப் போகிறீர்களா என்று ஆயி சிரித்தார். சிரிக்கிற நேரமா இது என்று வயிரவன் அதட்டினார்.

டாக்டர் சுளகில் மாவைப் பரப்பிக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போனார். கூரையன் நடந்து போனால் தடம் எப்படி விழும், விரலால் குத்திக் காட்டு என்றார். ஒருவர் காட்டியதும் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு, மாவைக் கலைத்துச் சமப்படுத்திவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

வயிரவன் யோசித்து யோசித்து இரண்டு வரிசையாகப் புள்ளி வைத்தார். ஆயி கோலப் புள்ளி வைக்கிற வேகத்தில் இரண்டு வரிசை வைத்துவிட்டு, முந்தாநாள் பூரா வேடிக்கை பார்த்தேனே, ஆட்டுக்குட்டி மாதிரிப் போச்சு என்றார். சத்தியப்பிரியாவும் இரண்டு வரிசை. உவைஸும் அதே இரண்டு வரிசை. கார்த்தி மட்டும் முக்கோணம் முக்கோணமாக, இந்தப் பக்கம் மூன்று அந்தப் பக்கம் மூன்று என்று அழகாகக் குத்திக் காட்டினான். பாத்தியில் இருந்த தடத்தோடு அச்சு மாறாமல் ஒத்துப்போனது அவன் போட்டது ஒன்றுதான். செய்தவன் கைக்குத் தெரியாதா என்று யாருக்கும் தோன்றும்.

டாக்டருக்கும் அரை நிமிடம் அப்படித்தான் தோன்றியது. அப்புறம்தான் பசுவின் வயிற்றுக்குள் கை இருந்தபோது பார்த்த பாதி வீடியோ முழுசாகக் கண்ணுக்குள் வந்தது. ஆஹா, இவ்வளவுதானா என்று வாய்விட்டே சொன்னார்.

காலை 10.05.

அடுப்படிக் கட்டுக்குள் பதினோரு அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. பங்காளிக்கு ஒன்று. கல்யாணம் காட்சி என்றால்தான் வெளியே வரும். சுவரோரத்தில் ஆரம்பித்துப் பெரியது முதல் சிறியது வரை படிப்படியாக இறங்கி வர வேண்டிய வரிசை. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய அண்டா சுவரோரத்தில் இல்லை. வரிசையின் கடைக்கோடியில், சின்னதற்கும் அப்பால் இருட்டு மூலையில் இருந்தது. சுவரோரத்தில் அது இருந்த இடத்தில் தரையில் ஈரம் வட்டமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"ஆயி, நீங்க இப்படியா அடுக்குனீக?"

"நானா? பெரியதைக் கொண்டுபோய் வால்ல வைக்கிறதுக்கு எனக்கென்ன கிறுக்கா? பெருசு முதல்ல, அப்புறம் இறங்குமுகமா. அப்பத்தான் ஒண்ணு குறைஞ்சாலும் கண்ணுக்குத் தெரியும்."

டாக்டர் எல்லோரையும் அழைத்துவரச் சொன்னார். ஐந்து பேரும் வந்து நின்றார்கள். கார்த்தி கதவு நிலையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"வயிரவண்ணே, அதைத் தூக்குங்க."

வயிரவனும் சத்தியப்பிரியாவும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கினார்கள். உள்ளே கூரையன் ஆறு கால்களையும் மடக்கிக்கொண்டு, அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு துளித் தண்ணீர் இல்லை. உவைஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

"அழுறதை அப்புறம் வச்சுக்க," என்றார் டாக்டர். "இது எங்கயும் நடந்து போகல. நடந்த மாதிரி யாரோ காட்டியிருக்காக."

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் தாழ்ப்பாள். குறுக்குக் கட்டையை மெஷின் எடுக்காது. வயிரவனும் மறந்திருக்க மாட்டார். முன்வாசல் பூட்டு அப்படியே இருக்கிறது. ஆக, உள்ளே படுத்திருந்த ஐந்து பேரில் ஒருவர்தான் பின்கதவைத் திறந்தது. இரண்டாவது, படியில் கிடந்த ரப்பர். கைப்பையிலிருந்து எடுத்துக் கூரையனின் கால் ரப்பருக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். மாதக்கணக்கில் கல்லில் நடந்த ரப்பர் வெளிப்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. படியில் கிடந்தது டப்பாவிலிருந்து எடுத்த புத்தம் புதுசு. கூரையனின் ஆறு காலிலும் ரப்பர் இருக்கிறது. எதுவும் கழன்று விழவில்லை.

"அந்தப் புது ரப்பரை வச்சுத்தான் மணல்ல குத்தியிருக்கு. ரெண்டு பக்கமும் செங்கல் மேல நின்னா கை எட்டும், காலடி விழாது. குத்துன குத்து ரொம்ப அழகு. முக்கோணம் முக்கோணமா, ஒரு பிசகு இல்ல. ஆனா கூரையன் மூணு நாளா அப்படி நடக்கிறதே இல்லையே."

உவைஸ் தலையை நிமிர்த்தினான். எழுந்து பாத்திக்கு ஓடினான். போன வேகத்தில் திரும்பி வந்து, அது பழைய நடை என்றான். காலையில் கதவைத் தாண்டும்போது அவன் அந்தத் தடத்தைப் பார்க்கவே இல்லை. ஒரே ஓட்டமாகத் தண்ணீரில் இறங்கிவிட்டான். சத்தியப்பிரியா பார்த்தாள்தான். ஒன்றரை வருடமாக அந்த மணலில் பார்த்துப் பழகிய தடம், அதனால் கண்ணில் உறைக்கவில்லை.

"புது நடையில முன்னங்கால் வச்ச குழியிலேயே நடுக்கால் விழும், அதுலயே பின்னங்கால் விழும்," என்றார் டாக்டர். "ஆறு கால் போனாலும் ரெண்டே வரிசைதான் மணல்ல தெரியும். பழைய நடையை உவைஸ் அழிச்சுட்டான், அதனால மெஷினே நினைச்சாலும் முக்கோணம் போட முடியாது. புது நடையைப் பாத்த நாலு பேரும் மாவுல ரெண்டு வரிசை வச்சீக. அதைப் பாக்காத ஒரே ஆளு மூணு நாளா ஊர்ல இல்ல. கார்த்தி, ஏன்ப்பா இப்படிப் பண்ணுனே?"

டாக்டர் கூரையனின் கால்களை ஒவ்வொன்றாக நீட்டினார். ஐந்து கால்கள் வாகாக நீண்டன. வலது நடுக்காலின் முட்டி மட்டும் லேசாகக் கோணியிருந்தது. நகத்தால் சுரண்டினார். வெள்ளிப் பெயிண்ட் உரிந்து அடியில் கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தது.

"ஆயி பாயில இருந்த பெயிண்ட்," என்றார் டாக்டர்.

அதற்கப்புறம் கார்த்தி நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பத்து நாளைக்கு முன் அந்த இரும்பு முட்டியை அவனே அதிகமாக முறுக்கி உடைத்துவிட்டான். என் கை பட்டது உடையாது என்று சொல்லிச் சொல்லி, உடைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. 3D பிரிண்டரில் அதே அளவில் பிளாஸ்டிக்கில் ஒன்று அடித்து, வெள்ளிப் பெயிண்ட் பூசி மாட்டிவிடலாம் என்று நினைத்தான். பெயிண்ட் சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் ஆயியின் வத்தலுக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்தான். கோட்டையூர் மாடி வெயிலில் வத்தல் மொறமொறப்பாகும். அந்த பிளாஸ்டிக் இளகிக் கோணிப்போகும். கோணியதை வெந்நீரில் போட்டு நிமிர்த்தி மாட்டினான். நிழலில் நின்றது. இருந்தாலும் மனசு கேட்காமல், புது இரும்பு முட்டி செய்து வாங்கத்தான் கோயம்புத்தூர் போனான். ராத்திரி வந்ததும் போர்வையை விலக்கிப் பார்த்தால் கனத்தில் மறுபடியும் கோணியிருக்கிறது. நாலு மணிக்கு வெந்து கிடக்கும் ஓட்டின் மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இரும்பு முட்டி நாளைக்குக் காலைல வந்துரும். ஒரு நாள் ஒளிச்சு வச்சா ஆச்சி தள்ளிப் போடுவாகன்னு நினைச்சேன். உவைஸ் தண்ணில எறங்குவான்னு நினைக்கல. சொல்ல வாயெடுத்தேன், வரல."

"நான் ரெண்டு மணி நேரம் தண்ணில நின்னேன்டா," என்றான் உவைஸ். அதைக் கேட்டுக் கார்த்தி தலையைக் குனிந்துகொண்டான்.

சத்தியப்பிரியா யாரையும் திட்டவில்லை. மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது. கோயம்புத்தூர் முட்டி இன்றைக்கு வராது. பிளாஸ்டிக் முட்டியோடு ஏற்ற முடியாது. ஆச்சிக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிடலாம் என்றாள். அப்போது அவள் பார்த்தது வயிரவனை. வயிரவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டார். ஆயி, அப்ப வெள்ளிக்கிழமை இவரு ஏறணுமா என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சைதுன் பீவி இன்னும் கூரையனின் முன்னால் குந்தியிருந்தார். அவர் முகத்தில் கவலை இல்லை; புது நோய் பார்த்த டாக்டரின் ஆர்வம்தான் இருந்தது.

"உவைஸ், இதுக்கு அந்தக் கால் எதுக்கு?"

"புரியல டாக்டர்."

"மூணு காலு ஆட்டைப் பாத்திருக்கியா? நாய் கடிச்சு நான் ஒரு காலை எடுத்துவிட்ட ஆடு நாலு இருக்கு இந்த ஊர்ல. ஒண்ணுகூட படுத்துக் கிடக்கல. நாலுல ஒண்ணு போனதே நடக்குது. ஆறுல ஒண்ணு போனா என்ன? கழட்டி எறி. ஒவ்வொரு காலாத்தானே எடுத்து வைக்குது இப்ப? ஒரு கால் தூக்குறப்ப மிச்சம் நாலு தரையில நிக்கும். ஒரு வேலை, கனத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்கணும். நொண்டி ஆடு தலையை அந்தப் பக்கம் வச்சுக்கிரும், அது மாதிரி."

உவைஸ் டாக்டரைப் பார்த்தான். அப்புறம் கார்த்தியைப் பார்த்தான். "பேட்டரியை இடப்பக்கம் நகட்ட முடியுமாடா?" என்று கேட்டான். கார்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தான்.

பகல் 3.55.

கண்ணம்மை ஆச்சி வந்து இறங்கியதும் முதலில் அண்டாக்களை எண்ணினார், பதினொன்று சரி என்றார். அப்புறம் மொட்டை மாடிக்கு வந்து குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடியிலிருந்து ஓட்டுக்கூரை ஒரு ஆள் உயரத்துக்கு மேலே ஆரம்பித்தது. வயிரவன் வருடா வருடம் ஏறும் மூங்கில் ஏணி அதில் சாத்தியிருந்தது. கூரையனை இடுப்பில் கயிறு கட்டி ஓட்டின் விளிம்பில் வைத்தார்கள்.

"அஞ்சு காலுதானே இருக்கு?" என்றார் ஆச்சி.

"ஒண்ணு உடைஞ்சு போச்சு ஆச்சி," என்றாள் சத்தியப்பிரியா. "உடைஞ்சாலும் நடக்கும்னு காட்டப் போறோம்."

உவைஸ் பொத்தானை அழுத்தினான்.

கூரையன் முன்னங்காலைத் தூக்கி வைத்தது. அழுத்திப் பார்த்தது. அடுத்த காலை எடுத்தது. நொண்டிக்கொண்டுதான் போனது, ஆனால் போனது. ஒரு வரிசை, இரண்டு வரிசை, மூன்று வரிசை. ஓடு ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை. நாலாவது வரிசையில், ஏணிக்கு நேர் மேலே, முன்னங்காலை ஒரு ஓட்டின் மேல் வைத்து அழுத்தியது. ஓடு லேசாக உள்வாங்கியது. கூரையன் காலை எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் ஒரு சாண் இடப்பக்கம் ஒதுங்கி, அங்கே காலை வைத்துப் பார்த்து, அதைத் தாண்டி மேலே போனது. உவைஸின் கையிலிருந்த திரையில், கூரையனின் கேமராவிலிருந்து உள்வாங்கிய ஓட்டின் படம் வந்தது. ஓடு விலகிய இடைவெளியில் தெரிந்த மரச்சட்டம் கரையான் அரித்துப் பொடியாக இருந்தது.

ஆச்சி திரையை வாங்கிப் பார்த்தார். வயிரவனிடம் நீட்டினார். வயிரவன் வாங்கிப் பார்த்தார்.

"ஏணியில இருந்து நான் மொதக் கால் வைக்கிற எடம் இதுதான் ஆச்சி," என்றார். "வருசா வருசம்."

ஆச்சி குடையை மடக்கினார். இனிமேல் இந்த வீட்டுக் கூரையில் ஆள் ஏற வேண்டாம், மற்ற பங்காளிகளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சத்தியப்பிரியாவிடம் சொன்னார்.

ஆயி நேராகப் போய், கூரையில் சாத்தியிருந்த மூங்கில் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தார். கனமான ஏணி. கார்த்தி ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இருவருமாக அதை மொட்டை மாடித் தரையில் கிடத்தினார்கள்.